கை கழுவும் இடத்தில் ஒரு விளக்கு

அவளைச் சைரன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது. முதலாளிக்கு அவள் சைரன், கூட வேலை செய்கிறவர்களுக்குச் சைரன் அக்கா. கட்டிய புருஷன்கூட ஃபோனில் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல், வீட்டுக்கு வந்தால் இவள். பாவம் என்று நினைத்துவிடாதீர்கள், மனுஷர் கொடுத்து வைத்தவர். மாமியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் அந்த அம்மாவும் நிம்மதியாகத்தான் இருக்கிறார். காலையில் மருமகள் ஸ்கூட்டரைத் தள்ளும்போது, "இன்னைக்கு எந்த ஃப்ரிட்ஜுக்குக் காவல்?" என்று தினமும் தவறாமல் கேட்பார்.

மாமியார் கேட்பது வேடிக்கைக்கு என்றாலும் வேலை அதுதான். மருந்துக் கிடங்கு, ரத்த வங்கி, ஆய்வுக்கூடம், பழம் அடுக்குகிற குளிர் அறை என்று, எங்கெல்லாம் சூடு ஏறினாலோ ஈரம் கூடினாலோ பொருள் பாழாகுமோ அங்கெல்லாம் போய் சென்சார் பொருத்துவாள். கெட்டுப்போன பிறகு சொல்வதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கெடுவதற்கு முன்னால் சொல்கிற மாதிரி ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டு வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

கோபம் மட்டும் மூக்கு நுனியில் இருக்கும். ஒரு பழக் கிடங்கில், குளிர்காற்று வருகிற மின்விசிறிக்கு நேர் எதிரில் சென்சாரை மாட்டச் சொன்னார் கிடங்கு முதலாளி. அங்கே மாட்டினால் எப்போதும் நல்ல கணக்கே காட்டும், அதிகாரிகள் வந்தால் தொல்லை இல்லை என்பது அவர் எண்ணம். "ஐயா, காய்ச்சல் இருக்கான்னு பார்க்க தெர்மாமீட்டரை ஐஸ் பெட்டியிலயா வைப்பீங்க?" என்று இவள் கேட்டாளாம். அந்த மனுஷர் அடுத்த தடவையும் இவளைத்தான் அனுப்பச் சொன்னார் என்பது வேறு விஷயம். திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் கடைசியில் இவளைத்தான் தேடுவார்கள்.

அவளுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சுவரில் முதல் ஓட்டையைப் போடுவதற்கு முன்னால் ஒரு முழு நாள் அந்த இடத்தில் சும்மா நிற்பாள். குளிர் அறையாக இருந்தால் கம்பளித் தொப்பி, இரண்டு ஸ்வெட்டர். யார் கதவைத் திறக்கிறார்கள், எவ்வளவு நேரம் திறந்து வைத்துக்கொண்டு கதை பேசுகிறார்கள், எது முதலில் கெடும், கெட்டால் முதலில் ஓடி வரக்கூடிய ஆள் யார், எல்லாவற்றையும் பார்ப்பாள். ஓட்டை போட ஒரு நிமிஷம் போதும், எங்கே போடுவது என்று தெரிய ஒரு நாள் வேண்டும் என்பாள். புதிதாக வருகிறவர்களுக்கு இது வேலை செய்யாமல் இருக்க ஒரு சாக்கு என்றுதான் தோன்றும்.

அந்த வழக்கத்தை அவள் ஒரே ஓர் இடத்தில் விட்டுவிட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அது ஓர் ஆஸ்பத்திரியில், குறை மாதத்தில் பிறந்த குழந்தைகளின் வார்டு. தாய்மார்களின் பாலைக் குட்டிக் குட்டி பாட்டில்களில் எடுத்து, வார்டை ஒட்டிய ஒரு சின்ன அறையில் ஃப்ரீசரில் உறைய வைத்திருப்பார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன் அந்த ஃப்ரீசர் கதவு சரியாகச் சாத்தாமல் கிடந்து, இருந்த பால் அத்தனையும் உருகி, எடுத்துக் கொட்ட வேண்டியதாகப் போயிற்று. கொட்டினவர் தலைமை நர்ஸ். வார்டில் எல்லோருக்கும் அவர் பெரிய சிஸ்டர். 

பெரிய சிஸ்டர் தானே முதலாளிக்கு ஃபோன் போட்டார். நாளைக்கே வேலை முடிய வேண்டும் என்றார். வார்டுக்கு வந்த சைரன் என்ன அவசரம் என்று கேட்டாள். பெரிய சிஸ்டர் கண்ணாடி வழியாக, குழந்தையைக் கதகதப்பாக வைத்திருக்கும் ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே ஒரு கை அளவு குழந்தை. வார்டில் இருக்கிறதிலேயே சின்னது என்பதால் எல்லோரும் பொடிசு என்று கூப்பிட்டார்கள். பொடிசின் அம்மாவுக்கு வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே புற்றுநோய் என்று தெரிந்திருக்கிறது. மருந்து ஏற்றியாக வேண்டும் என்பதால் குழந்தையை முன்கூட்டியே எடுத்தார்கள். மருந்து ஏறத் தொடங்கினால் அந்தப் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் மருந்து தொடங்குவதற்கு முன்னால் கிடைத்த சில நாட்களில், ராத்திரி பகல் பார்க்காமல் அந்தப் பெண் பாலை எடுத்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள். ஃப்ரீசரில் மேல் தட்டு முழுக்க அதுதான்.

"மத்த அம்மாங்க பாலும் இருக்கு, குடுக்கலாம். ஆனா பெத்தவ பாலுக்கு ஈடு வராது. இது போச்சுன்னா அவகிட்ட மறுபடி கேட்க முடியாதும்மா" என்றார் பெரிய சிஸ்டர்.

அதற்கு மேல் சைரனுக்கு நிற்க முடியவில்லை. ஒரு நாளாவது சும்மா நின்று பார்க்கிற வழக்கம் எல்லாம் காற்றில் போயிற்று. அன்றைக்கே சென்சாரை மேல் தட்டில் பாட்டில்களுக்கு நடுவில் வைத்தாள். கதவைத் திறந்து மூடினால் உடனே கத்தாமல், நிஜமாகவே குளிர் குறைந்தால் மட்டும் கத்துகிற மாதிரி அமைத்தாள். ஆஸ்பத்திரியின் பராமரிப்பு இன்ஜினீயருக்கும் பெரிய சிஸ்டருக்கும் தனக்கும் ஃபோன் வருகிற மாதிரி செய்தாள். வார்டின் நடுச் சுவரில், எல்லோர் காதிலும் விழட்டும் என்று, தங்கள் பட்டறையில் இருந்ததிலேயே சத்தமான பஸ்ஸரை மாட்டினாள். வீட்டுக்குப் போய், நல்ல காரியம் செய்த திருப்தியில் ஒரு வாய் கூடுதலாகவே சாப்பிட்டாள்.

இரண்டாம் நாளே முதலாளியிடமிருந்து ஃபோன். பஸ்ஸரைத் துண்டு போட்டுச் சுற்றி வைத்திருக்கிறார்களாம், போய்ப் பார் என்றார்.

போனாள். குழந்தையைப் போர்த்துகிற பூப்போட்ட துண்டு ஒன்று பஸ்ஸரைச் சுற்றியிருந்தது. அதன் மேல் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்திரி குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருந்தது. சைரனுக்கு உச்சந்தலையில் ஏறியது. இத்தனை வருஷத்தில் பஸ்ஸர் மேல் பஞ்சு அடைத்த கிடங்குக்காரர்களையும், ஒயரைப் பிடுங்கி வைத்த காவலாளிகளையும் கண்டபடி பேசியவள் அவள். இங்கே வார்டுக்குள் வாயைத் திறக்க முடியாதே. பெரிய சிஸ்டரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, பால் உங்களுக்கு முக்கியமா இல்லையா என்று கேட்டேவிட்டாள்.

பெரிய சிஸ்டர் கோபப்படவில்லை. தூக்கம் இல்லாத முகத்தோடு சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ஏம்மா, இந்த வார்டுல ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மெஷின். மூச்சு தப்புனா கத்தும், நாடி எறங்குனா கத்தும். உன் பொட்டியும் அதே குரல்ல கத்துது. நேத்து கத்துனப்போ எந்தக் குழந்தைக்கு மூச்சு நின்னுச்சுன்னு நாங்க அத்தனை பேரும் ஒவ்வொரு பெட்டியா ஓடுனோம். பெத்தவங்க வெளியே கண்ணாடியில முட்டிக்கிட்டு அழுவுறாங்க. கடைசியில பார்த்தா யாரோ ஃப்ரீசர் கதவை ஒழுங்கா சாத்தல."

 சைரன் பட்டறையில் வைத்து அந்தச் சத்தத்தைச் சோதித்தபோது வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நல்ல கணீரென்ற குரல் என்று மெச்சிக்கொண்டதுகூட நினைவுக்கு வந்தது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் இங்கே சும்மா நின்றிருந்தால் இது தெரிந்திருக்கும். மற்றவர்களாக இருந்தால் பூசி மெழுகிவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். இவள் நேராகவே, "தப்பு என்னோடதுதான் சிஸ்டர். நாளைக்கு வந்து நிக்கிறேன்" என்றாள். கோபப்படத் தெரிந்தவர்களில் தப்பை ஒப்புக்கொள்ளத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் சொல்லுங்கள்!

மறுநாள் பஸ்ஸரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, வார்டின் ஒரு மூலையில் நின்றாள். கால் கடுக்க நின்றாள். ஃபோன்களை எல்லாம் வாசலில் உள்ள பெட்டியில் பூட்டிவிட்டுத்தான் நர்ஸ்கள் உள்ளே வருகிறார்கள் என்று தெரிந்தது. ஆக பெரிய சிஸ்டருக்குப் போட்ட ஃபோன் பெட்டிக்குள் அடித்து ஓயும். இன்ஜினீயர் பாதி நேரம் அடித்தளத்தில் ஜெனரேட்டர் பக்கம் இருக்கிறார், அங்கே சிக்னலே கிடையாது. மிஞ்சுவது சைரன் ஒருத்தி. அவளோ ஊரின் எந்த மூலையில் எந்த ஏணி மேல் இருப்பாளோ. ஏற்பாடு என்று பேர்தான், உள்ளே பார்த்தால் ஒன்றுமே இல்லை. தன்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்தது அவளுக்கு.

நர்ஸ்களின் கண் குழந்தைகள் மேல் இருந்தது, கை மருந்தில் இருந்தது. புதிதாக ஒரு விளக்கைச் சுவரில் மாட்டினால் நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கு ஏது நேரம்? ஒலியும் வேண்டாம், ஒளியும் எடுபடாது என்றால் என்னதான் செய்வது என்று குழம்பிப்போய், தண்ணீர் குடிக்க வெளியே வந்தாள். திரும்ப உள்ளே நுழையும்போது வாசலில் இருந்த நர்ஸ் கண்டிப்பாகக் கையைக் காட்டினாள். வார்டுக்குள் யார் எத்தனை தடவை நுழைந்தாலும், டாக்டரே ஆனாலும், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் நுழைய வேண்டும். சைரன் அலுத்துக்கொண்டே கழுவினாள். இடுக்கு இடுக்காகத் தேய்க்க வேண்டும், அவசரப்படக் கூடாது. செய்வதற்கு வேறொன்றும் இல்லாததால் குழாய்க்கு மேலே இருந்த வெள்ளைச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இந்த வார்டில் ஓயாமல் யாராவது ஒருத்தர் வந்து, இரண்டு கையும் கட்டிப்போட்ட மாதிரி நின்று, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிற இடம் ஒன்று இருக்கிறது. அது இந்தச் சுவர்தான்.

அங்கே ஒரு சிவப்பு விளக்கை வைக்கலாம் என்றதும் பெரிய சிஸ்டர் முகம் மலர்ந்தது. சண்டை வந்தது அடுத்ததற்குத்தான். விளக்கின் கீழே ஒரு பலகையில், பெரிய எழுத்தில், பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற மாதிரி எழுதி வைப்பேன் என்றாள் சைரன். இன்ஜினீயர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊழியர்களுக்கு மட்டும் புரிகிற குறியீடு ஒன்று போதும், தாய்மார்கள் படித்தால் கலவரப்படுவார்கள், ஆஸ்பத்திரிக்குக் கெட்ட பேர் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முந்தாநாள் நடந்த அழுகையை அவரும் பார்த்திருந்தார்.

"சார், என்னன்னு தெரியாததாலதான் அன்னைக்கு அழுதாங்க" என்றாள் சைரன். "இந்தக் குழாயில நர்ஸைவிட அம்மாங்கதான் அதிகம் கை கழுவுறாங்க. பால் அவங்களோடது. அவங்ககிட்ட மறைச்சு வச்சு நாம யாரைக் காப்பாத்தப் போறோம்?"

இன்ஜினீயர் பெரிய சிஸ்டரைப் பார்த்தார். பெரிய சிஸ்டர் கூரையைப் பார்த்தார். பலகை எழுத அனுமதி கிடைத்தது.

அதோடு விட்டாளா? விளக்கு எரிந்தால் பாலை எடுத்துக்கொண்டு எங்கே ஓடுவீர்கள் என்று கேட்டாள். அதற்கென்று ஓர் இடமே இல்லை. கூப்பிட்டால் போக இடம் இல்லையென்றால் கூப்பிட்டு என்ன பிரயோஜனம் என்று குதித்தாள். தாழ்வாரத்துக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஆய்வகத்தின் ஃப்ரீசரில் ஒரு தட்டைக் கெஞ்சிக் கூத்தாடிக் காலி செய்ய வைத்தாள். ஓர் ஐஸ் பெட்டி வாங்கி ஃப்ரீசர் பக்கத்திலேயே வைத்தாள். பலகையில் இப்படி எழுதினாள்: "இந்த விளக்கு எரிந்தால் பால் உருகப் போகிறது என்று அர்த்தம். குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். பாலை எதிர்ப்பக்க ஆய்வகத்துக்கு மாற்ற வேண்டும்." குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை என்ற வரியைப் பெரிய சிஸ்டர்தான் சேர்க்கச் சொன்னார். அந்த வரிக்காக அவருக்குக் கோயிலே கட்டலாம் என்று சைரன் வீட்டில் வந்து சொன்னாள்.

வேலை முடிகிற நேரத்தில் பொடிசின் அம்மாவை முதல் முறையாகப் பார்த்தாள். மருந்து ஏறி ஏறித் தலைமுடி கொட்டியிருந்தது, தலையில் துணி கட்டியிருந்தாள். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் அவளை உட்காரு உட்காரு என்றார்கள். அவளும் தினமும் கை கழுவுவாள், ஆனால் உள்ளே போகாமல் உட்கார்ந்து, கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். தொட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். தொடலாம், ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியும் அவள் கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.  சைரன் மறுபடி ஒரு முறை ஃப்ரீசரைத் திறந்து மேல் தட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம். சைரன் ஒரு மருந்துக் கிடங்கில் ஏணி மேல் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தாள். ஃபோன் அதிர்ந்தது. வார்டு ஃப்ரீசரில் குளிர் குறைந்துகொண்டிருக்கிறது என்று செய்தி. கதவாக இருக்கும், சாத்திவிடுவார்கள் என்று கொஞ்சம் பொறுத்தாள். சூடு ஏறிக்கொண்டே போனது. கதவு இல்லை, மோட்டார்தான் நின்றுவிட்டது. இன்ஜினீயருக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. வார்டு எண்ணுக்குப் போட்டால் பிஸி, மறுபடி போட்டால் மறுபடி பிஸி. ஏணியை அப்படியே விட்டுவிட்டு, கிடங்குக்காரர் கத்துவதையும் காதில் வாங்காமல் ஸ்கூட்டரை எடுத்தாள்.

வழியில் ஒவ்வொரு சிக்னலும் அவளுக்காகவே சிவப்பாக நின்றது. அந்த நேரம் பார்த்து யாருமே கை கழுவ வராவிட்டால்? வந்தவர் படிக்காமல் போய்விட்டால்? பஸ்ஸரைக் கழற்றினது தப்போ என்று ஒரு மனசு குத்திக்காட்டியது. தேர்வு முடிவுக்குக் காத்திருந்த காலத்தில்கூட அவள் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.

படிகளில் மூச்சிரைக்க ஏறினாள். குழாய்க்கு மேல் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. வார்டுக்குள் புதிதாக வந்த ஒரு குழந்தையைச் சுற்றி நர்ஸ்கள் அத்தனை பேரும் குனிந்து நின்றார்கள். மேஜை மேல் ஃபோன் ரிசீவர் கவிழ்ந்து கிடந்தது. சின்ன அறைக்கு ஓடி ஃப்ரீசரைத் திறந்தாள். மேல் தட்டு காலி. எல்லாத் தட்டும் காலி. கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். ஃப்ரீசர் கதவையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம்தான் ஐஸ் பெட்டி இருந்த இடமும் காலியாக இருப்பது கண்ணில் பட்டது.

எதிர்ப்பக்க ஆய்வகத்தின் வாசலில், தரையில், பொடிசின் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காலி ஐஸ் பெட்டி. ஆய்வகக்காரர் கதவோரம் நின்று, எல்லாம் கெட்டியாகத்தான் வந்து சேர்ந்தது, ஒரு பாட்டில்கூட உருகவில்லை, இந்த அம்மா எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்று சைரனிடம் முறையிட்டார். நடந்தது இதுதான். கை கழுவும்போது அவள்தான் விளக்கைப் பார்த்தாள். கண்ணாடியைத் தட்டி நர்ஸிடம் காட்டினாள். நர்ஸுக்கோ கையை எடுக்க முடியாத நிலை. "பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போங்கம்மா" என்று உள்ளிருந்தே சொல்லியிருக்கிறாள். இவள் தன் பிள்ளையின் பாலை மட்டுமா எடுத்தாள்? எல்லாப் பிள்ளைகளின் பாலையும் அடுக்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து, திரும்பத் திரும்ப நடந்து, ஒன்று விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

சைரன் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.   அந்தப் பெண் மெதுவாகப் பேசினாள்.

"என் பொண்ணு பொறந்ததுலேர்ந்து எல்லாரும் என்னை உக்காரு உக்காருன்னுதான் சொல்றாங்கக்கா. அந்தப் பலகைதான் என்னை எந்திரின்னுச்சு."

சைரன் அழுதாள். மறைக்கவும் இல்லை. அந்தப் பெண் அழவில்லை, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் பட்டு விரல் எல்லாம் சிவந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் வார்டு அடங்கியது. புதுக் குழந்தை பிழைத்துக்கொண்டது. பொடிசுக்குப் பால் கொடுக்க வேண்டிய வேளை. ஆய்வகத்திலிருந்து ஒரு பாட்டிலை வாங்கி வந்து, வெதுவெதுப்பாக்கி, பெரிய சிஸ்டர் ஊசிக்குழலில் ஊற்றினார். அந்தக் குழந்தைகள் வாயால் குடிக்காது. மூக்கு வழியாகப் போகிற மெல்லிய குழாயில் ஊசிக்குழலைச் சொருகி உயரத் தூக்கிப் பிடித்தால் போதும், பால் தானாக இறங்கும். எப்போதும் நர்ஸ்தான் பிடிப்பாள்.

பெரிய சிஸ்டர் வாசலைப் பார்த்து, "வாம்மா, கை கழுவிட்டு வா" என்றார்.

பொடிசின் அம்மா எழுந்தாள். இந்தத் தடவை யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. முழங்கை வரை சோப்புப் போட்டு, இடுக்கு இடுக்காகத் தேய்த்துக் கழுவினாள். உள்ளே போய், ஊசிக்குழலைச் சிஸ்டர் கையிலிருந்து வாங்கி உயரப் பிடித்தாள். ஒரு ஸ்பூன்கூட வராத பால் அது. மெல்ல மெல்ல இறங்கியது. கடைசிச் சொட்டு இறங்குகிற வரைக்கும் அவள் கை ஆடவே இல்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று சைரன் சத்தமே போடாமல் அதைப் பார்த்தாள்.